ஏறத் தெரிந்த வண்டி: சோலாங் பனிச்சாலையும் ஃபோர் பை ஃபோர் நம்பிக்கையும்

2024 டிசம்பர் 23, திங்கட்கிழமை. இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு மேலே, சோலாங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் நடுவில் சுமார் ஆயிரம் வண்டிகள் பனியில் சிக்கி நின்றன. பல மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர்களில் 700 பேர் வரை காவல்துறை மீட்டுக் கீழே கொண்டுவந்தது. அடுத்த ஓரிரு நாளில் மாநில அரசு சொன்ன கணக்கில் மூன்று தேசிய நெடுஞ்சாலைகள் உட்பட 223 சாலைகள் மூடிக் கிடந்தன. வண்டிகள் சறுக்கி நடந்த விபத்துகளில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். சரி, இத்தோடு கூட்டம் குறையும் என்று பார்த்தால், 27ஆம் தேதி புதிதாகப் பனி விழுந்தபோது அதே சோலாங்கில் மறுபடியும் ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள், ஐயாயிரம் பயணிகள்.

செய்திகளில் இது போக்குவரத்து நெரிசலாகத்தான் வந்தது. நெரிசல் உண்மைதான். ஆனால் அந்த வாரம் கைபேசிகளில் சுற்றிய வீடியோக்களைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். வண்டி மெதுவாகத்தான் வருகிறது. ஓட்டுநர் பிரேக்கை முழுதாக அழுத்திவிட்டார், சக்கரங்களும் நின்றுவிட்டன. வண்டி மட்டும் நிற்கவில்லை. நின்ற சக்கரத்தோடு அப்படியே வழுக்கிப் போய் முன்னால் இருப்பதன் மீதோ, ஓரச் சுவரின் மீதோ, பள்ளத்தை நோக்கியோ போகிறது. அப்படிப் போனவற்றில் சின்ன கார்களும் உண்டு, மலைக்கென்றே வாங்கப்பட்ட, எஞ்சின் நான்கு சக்கரத்தையும் ஓட்டும் ஃபோர் பை ஃபோர் வண்டிகளும் உண்டு.

இந்தச் சாலையில் பனி விழுந்த நாட்களில் காவல்துறை வைக்கும் வழக்கமான நிபந்தனை, வழியிலுள்ள நேரு குண்டு என்ற இடத்துக்கோ சோலாங்குக்கோ அப்பால் ஃபோர் பை ஃபோர் வண்டிகளுக்கு மட்டும் அனுமதி என்பது. மற்றவர்கள் அங்கேயே காரை நிறுத்திவிட்டு உள்ளூர் டாக்சியில் போக வேண்டும். வண்டியை வடிகட்ட ஒரு சல்லடை வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. இந்தச் சல்லடை எதை வடிகட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சாலை

மணாலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடல் சுரங்கப்பாதையின் தெற்கு வாசல் 3,060 மீட்டரில். இரண்டுக்கும் நடுவே 25 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டர் ஏற்றம் 25 கிலோமீட்டரில் என்றால் சராசரியாக நூற்றுக்கு 4 சரிவு, அதாவது 100 மீட்டர் போனால் 4 மீட்டர் ஏறும். சாலை எங்கும் ஒரே சீராக ஏறுவதில்லை, ஆகவே சில துண்டுகளில் சரிவு இந்தச் சராசரியைத் தாண்டும். நம் ஊர் மலைப்பாதை ஓட்டியவர்களுக்கு இது பெரிய ஏற்றமாகவே தோன்றாது. காய்ந்த தாரில் யாரும் கவனிக்காத சரிவு இது.

அடல் சுரங்கம் திறந்த 2020 அக்டோபர் 3 வரை குளிர்காலத்தில் சோலாங்கைத் தாண்டி இந்தச் சாலையில் பெரிய சுற்றுலாக் கூட்டம் கிடையாது. ரோதாங் கணவாய் மூடிவிட்டால் மலைக்கு அப்பால் உள்ள லாஹௌல் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டிருக்கும். 9.02 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் திறந்த பிறகு, காலையில் மணாலியில் டிபன் சாப்பிட்டுவிட்டு, சுரங்கத்துக்கு அப்பால் சிஸ்ஸுவிலோ கோக்ஸரிலோ பனியில் விளையாடிவிட்டு, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்புவது ஒரு நாள் சுற்றுலாவாகிவிட்டது. சுரங்கம் ஒரு நாளைக்கு 3,000 கார்கள், 1,500 லாரிகள் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. 2023 கிறிஸ்துமஸை ஒட்டி ஒரே நாளில் 28,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் கடந்ததாக லாஹௌல் ஸ்பிதி காவல்துறை சொன்னது. அந்தச் சமயத்தில்தான் ஒருவர் நெரிசலைத் தாண்டிப் போகத் தன் மஹிந்திரா ‘தார்’ ஜீப்பைச் சந்திரா ஆற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டி, வீடியோ பரவி, சலான் வாங்கினார். அந்த வண்டியால் ஆற்றைக் கடக்க முடியும் என்பது உண்மைதான். ‘முடியும்’ என்கிற அந்தத் தெம்புதான் பனிச்சாலைக்கும் கூடவே வருகிறது.

இந்த ஒரு நாள் சுற்றில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மணாலியிலிருந்து போகும்போது ஏற்றம், பகல் வெளிச்சம், ஓரளவு உருகிய சாலை. திரும்பும்போது சுரங்கத்தை விட்டு வெளியே வந்தவுடன் இறக்கம். நேரமோ மாலை. டிசம்பரில் மலையின் நிழல் சீக்கிரமே சாலையில் விழுந்துவிடும், வெப்பநிலை சட்டென்று சுழியத்துக்குக் கீழே போகும். போதாக்குறைக்கு, சுரங்கத்துக்குள் 9 கிலோமீட்டர் காய்ந்த, நேரான சாலையில் ஓட்டிப் பழகிய கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போதே பனி ஆரம்பித்துவிடுகிறது.

பனியைக் கண்ணாடியாக்குவது யார்

புதிதாய் விழுந்த பனி அவ்வளவு மோசமில்லை. அதில் டயர் அமிழும், டயரின் மேலுள்ள ரப்பர்ப் பட்டன்கள் பற்றும். டயருக்குச் சாலையில் எவ்வளவு பிடிப்பு என்பதைச் சொல்லும் உராய்வுக் கெழு 0.2 முதல் 0.3 வரை இருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் இது 0.7, 0.8. பனி இறுகிக் கட்டியானால் 0.1 பக்கம் இறங்கிவிடும். அந்தக் கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் 0.05 கூடத் தேறாது. ஆகவே மைனஸ் 20 டிகிரி பனிக்கட்டியைவிட, உருகலாமா வேண்டாமா என்று சுழியத்தை ஒட்டி நிற்கும் பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். மணாலி, சோலாங் பகுதியில் டிசம்பர் மாலை பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

விழுந்த பனி தானாகக் கட்டியாவதில்லை. முதல் நூறு வண்டிகள் அதை மிதித்து இறுக்குகின்றன. அப்புறம் நெரிசல் வருகிறது. நின்று, நகர்ந்து, மறுபடி நிற்கும் ஒவ்வொரு வண்டியும் கிளம்பும்போது சக்கரத்தைக் கொஞ்சம் சுழலவிடும். சுழலும் டயரின் சூட்டில் மேல்படலம் உருகும், வண்டி நகர்ந்ததும் உறையும். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதித்துப் போராடிய இடம் அடுத்தவருக்குச் சாணை பிடித்த மாதிரி பளபளப்பாகக் காத்திருக்கும். ஆயிரம் வண்டிகள் அப்படி நின்று நகர்ந்தால் சாலை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. பனி நெரிசலை உண்டாக்குகிறது, நெரிசல் பனியைக் கண்ணாடியாக்குகிறது. நடுவில் பனி அகற்றும் இயந்திரம் நுழைய இடமில்லை, மண் தூவவும் வழியில்லை.

பனி விழாத நாளிலும் ஆபத்து உண்டு. ஓரத்தில் ஒதுக்கிய பனிக்குவியல் பகலில் உருகி, தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடி, நிழல் விழுந்ததும் உறையும். பிளாக் ஐஸ் என்பது இதைத்தான். பார்வைக்கு ஈரமான தார் போலத்தான் இருக்கும். முன்னால் போகும் வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்காமல் சாலை மட்டும் மினுமினுத்தால் அது ஈரம் இல்லை.

ஏறும் கணக்கு, இறங்கும் கணக்கு

வண்டியின் எடையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.1 உள்ள பனிக்கட்டியில் நான்கு சக்கரமும் சேர்ந்து சாலையைத் தள்ளக்கூடிய உச்ச விசை 10 பங்கு. இதற்கு மேல் எந்த எஞ்சினாலும் ஒன்றும் செய்ய முடியாது. சாதாரண கார்கள் பெரும்பாலும் முன்சக்கர ஓட்டம். முன் அச்சின் மேல் 60 பங்கு எடை இருக்கிறது என்றால் அந்தக் காருக்குக் கிடைப்பது 6 பங்கு. ஏற்றத்தில் எடை பின்னால் சரிவதால் அதிலும் கொஞ்சம் குறையும்.

நூற்றுக்கு 5 சரிவில் ஏறும்போது வண்டியைக் கீழே இழுக்கும் விசை 5 பங்கு. பனியைத் துழாவிக்கொண்டு சக்கரம் உருள இன்னொரு 2 பங்கு போகும். மொத்தம் 7 தேவை. காரிடம் இருப்பது 6, ஆகவே ஏறாது. சக்கரம் சுழலும், வண்டி நிற்கும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். ஃபோர் பை ஃபோரிடம் இருப்பது 10. ஏறிவிடும், கையில் 3 மிச்சமும் இருக்கும். காவல்துறையின் நிபந்தனை இந்த அளவில் முழுக்க நியாயமானது. ஏற முடியாத ஒரே ஒரு கார் குறுக்கே நின்றால் மொத்தச் சாலையும் அடைபட்டுவிடும்.

இப்போது அதே இரண்டு வண்டிகளும் அதே சரிவில் இறங்குகின்றன. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஆல்டோ காருக்கும் நான்கு, தார் ஜீப்புக்கும் நான்கு. இரண்டுக்கும் கிடைப்பது அதே 10 பங்கு. சரிவு 5 பங்கைப் பிடுங்கிக்கொள்ளும், மிச்சம் 5. எஞ்சின் எத்தனை சக்கரத்தை ஓட்டுகிறது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஏறும்போது இருந்த சாதகம் இறங்கும்போது சுழியம்.

இதைத் தூரமாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். காய்ந்த தாரில், இதே இறக்கத்தில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் போட்டால் ஐந்தரை மீட்டரில் நிற்கும். பனிக்கட்டியில் ஏறக்குறைய 70 மீட்டர். வேகம் 20 என்றால் 31 மீட்டர், 10 என்றால் 8 மீட்டர். இதெல்லாம் கெழு 0.1 இருக்கும்போது. மேலே நீர்ப்படலம் வந்து கெழு 0.05 ஆகிவிட்டால் மிச்சம் சுழியம், வண்டி நிற்கவே நிற்காது. மணிக்கு 5 கிலோமீட்டரில் வந்தாலும் சரி, சரிவு முடிகிற வரை அல்லது எதிலாவது மோதுகிற வரை போய்க்கொண்டே இருக்கும். வீடியோக்களில் நடைவேகத்தில் வழுக்கிய வண்டிகளைப் பார்த்து “ஓட்டத் தெரியாதவன்” என்று கமெண்ட் போட்டவர்கள் பலர். அந்தக் கட்டத்தில் ஓட்டத் தெரிந்தவராலும் செய்ய அதிகம் இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் அந்த வளைவுக்கு முன்பே, ஒருவேளை மணாலியிலேயே, செய்திருக்க வேண்டும்.

ஏபிஎஸ் உதவுமா? சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டீயரிங் கொஞ்சம் கேட்கும். இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது. கனமான வண்டி சாலையை அழுத்திப் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. எடை கூடினால் பிடிப்பு கூடுகிறது, நிறுத்த வேண்டிய எடையும் அதே அளவு கூடுகிறது. கணக்கில் எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது ஒரே ஒரு வித்தியாசம்: ஏறக்குறைய இரண்டு டன் எஸ்யூவி வழுக்கி வந்து மோதினால் முன்னால் நிற்கிற சின்ன காருக்கு அடி அதிகம்.

வளைவுக்கும் இதே கதைதான். 20 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில், கெழு 0.1 இருந்தால், மணிக்கு 16 கிலோமீட்டர்தான் உச்சம். அதற்கு மேல் போனால் ஸ்டீயரிங் திரும்பியிருக்கும், வண்டி நேராகப் போகும். அந்த 16-ம் பிரேக்கைத் தொடாமல் திரும்பினால்தான். டயரிடம் இருக்கும் பிடிப்பு ஒன்றுதான், திரும்பவும் நிற்கவும் அதையேதான் பங்கு போட வேண்டும். ஃபோர் பை ஃபோர் போட்ட வண்டிக்கு இங்கே ஒரு கூடுதல் தொல்லையும் உண்டு. வேண்டும்போது மட்டும் நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றும் பார்ட் டைம் வகையில், மாற்றிய பிறகு முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும். வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் உருள வேண்டும், பூட்டு அதை விடாது. அதனால் இறுக்கமான வளைவில் வண்டியின் மூக்கு வெளிப்பக்கமாகவே தள்ளப்படும். பழகியவர்கள் இதை எதிர்பார்த்து இன்னும் மெதுவாக நுழைவார்கள். போன மாதம் ஷோரூமிலிருந்து எடுத்து வந்தவருக்கு அது வளைவில்தான் தெரியவரும்.

எச்சரிக்கையை மறைக்கும் வசதி

இரண்டு சக்கர ஓட்டக் காரில் ஒரு நல்ல குணம் உண்டு. கிளம்பும்போதே சக்கரம் சுழன்று, சாலை வழுக்குகிறது என்று சொல்லிவிடும். ஓட்டுநர் பயந்துபோவார், பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். ஃபோர் பை ஃபோர் அந்தச் செய்தியைச் சொல்லாது. பத்து பங்கு பிடிப்பு இருந்தாலும் எண்பது பங்கு இருந்தாலும் ஒரே மாதிரி மெதுவாகக் கிளம்பிவிடும். சாலை எவ்வளவு மோசம் என்பது ஓட்டுநருக்கு முதல் பிரேக்கில்தான் தெரியும். அப்போது வண்டி ஏற்கெனவே மலை மேல் இருக்கும். என் பார்வையில் ஃபோர் பை ஃபோரின் மிகப் பெரிய ஆபத்து இதுதான். இயந்திரத்தில் குறை ஒன்றும் இல்லை. சாலையைப் பற்றி ஓட்டுநருக்குப் போய்ச் சேர வேண்டிய தகவலை அது வடிகட்டிவிடுகிறது, அவ்வளவே.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பின்னால் யாரும் இல்லாத சமதளத்தில், நடைவேகத்தில், பிரேக்கைச் சட்டென்று ஒரு முறை அழுத்திப் பார்ப்பது. ஏபிஎஸ் உடனே கடகடவென்று உதறினால் மேலே போவதைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். வழியில் சாலை மாறும்போதெல்லாம், முக்கியமாக நிழலுக்குள் நுழைந்த பிறகு, மறுபடி செய்து பார்க்க வேண்டும்.

இறக்கத்தில் ஃபோர் பை ஃபோர் சுத்தமாக உதவவே உதவாது என்று சொன்னால் அதுவும் தப்பு. எஞ்சின் பிரேக்கிங்கில் அதற்கு ஒரு சாதகம் இருக்கிறது. ‘எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு’ என்பது ஊட்டி, கொடைக்கானல் பாதையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். பனியில் பின்சக்கர ஓட்ட வண்டியை முதல் கியரில் இறக்கினால் எஞ்சினின் இழுப்பு முழுவதும் பின்சக்கரங்கள் மேல் விழும், அவை வழுக்கி வால் சுற்றிவிடும். ஃபோர் பை ஃபோரில் அந்த இழுப்பு நான்காகப் பிரியும். வேகத்தைக் குறைத்து இழுப்பைக் கூட்டும் லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு, பிரேக்கைத் தொடாமல், நடைவேகத்தில் ஊர்ந்து இறங்குவதுதான் இருப்பதில் பாதுகாப்பான வழி. ஹில் டிசென்ட் கன்ட்ரோல் உள்ள வண்டியில் பிரேக்கைத் தானாகத் தட்டித் தட்டி அதே வேலையைச் செய்யும்.

இதிலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் லோ ரேஞ்சுக்கு மாற்றியவுடன் வண்டி நிலை தவறாமல் காக்கும் ஈஎஸ்சி அமைப்பு அணைந்துவிடும், வால் சுற்றினால் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அப்புறம், சாலை மிக மோசமாக இருந்தால் எஞ்சினின் இழுப்பே பிடிப்பை மீறிவிடும். சக்கரம் மெதுவாகச் சுற்றும், வண்டி அதைவிட வேகமாக வழுக்கும். அப்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மட்டும் போதாது. கிளட்சை அழுத்தியோ நியூட்ரலுக்குப் போயோ சக்கரத்தைச் சுதந்திரமாக உருளவிட்டால்தான் ஸ்டீயரிங் மறுபடி வேலை செய்யும். இறக்கத்தில் நியூட்ரல் என்பது நம் மலை ஓட்டுநர்களுக்குப் பாவச்செயல். இங்கே ஒரு நொடிக்கு அது தேவைப்படலாம்.

சாலையைத் தொடுவது டயர்தான்

இந்தியாவில் விற்கும் ஃபோர் பை ஃபோர்களில் கோடைக்கான நெடுஞ்சாலை டயரோ, ஆல் டெரெய்ன் டயரோதான் வரும். சாதாரண ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். இறுகிய ரப்பர் பனியின் மேல் பிளாஸ்டிக் போல ஓடும். குளிர்கால டயரின் கலவை குளிரிலும் மிருதுவாக இருக்கும், ஒவ்வொரு பட்டனிலும் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். அந்தக் கீறல்கள்தான் பனிக்கட்டியின் மேலுள்ள நீர்ப்படலத்தை வழித்து விளிம்புகளால் பிடிக்கின்றன. பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் ஒரு பனிப்பூ படம் இருந்தால் அது சோதிக்கப்பட்ட குளிர்கால டயர். பெரிய பெரிய கட்டைகளோடு முரட்டுத்தனமாகத் தெரியும் மட் டெரெய்ன் டயர் சேற்றுக்கு அருமை, பனிக்கட்டிக்கு மோசம். சாலையில் படும் பரப்பு குறைவு, கீறலும் குறைவு. சோலாங்கில் பார்வைக்கு அதிகம் தயாராகத் தெரியும் வண்டிதான் சில சமயம் அதிகம் வழுக்கும்.

மற்ற நாடுகளின் சட்டங்கள் எதைக் கேட்கின்றன என்று பார்த்தால் சோலாங் நிபந்தனையில் விடுபட்டது புரியும். ஜெர்மனியில் பனிச்சாலைக்குக் குளிர்கால டயர் கட்டாயம், எத்தனை சக்கரம் ஓடுகிறது என்று கேட்பதில்லை. 2024 அக்டோபர் முதல் அந்தப் பனிப்பூ அடையாளம் இருந்தால்தான் குளிர்கால டயர் என்றே ஒப்புக்கொள்கிறார்கள். கலிபோர்னியாவின் மலைச்சாலைகளில் மூன்று கட்டுப்பாட்டு நிலைகள். இரண்டாம் நிலையில் ஃபோர் வீல் டிரைவ் (ஃபோர் பை ஃபோர்) வண்டி டயரில் சங்கிலி மாட்டாமல் போகலாம், ஆனால் நான்கு சக்கரத்திலும் பனி டயர் இருக்க வேண்டும், சங்கிலியையும் கையோடு வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நிலை வந்தால் எல்லா வண்டிக்கும் சங்கிலி, ஃபோர் வீல் டிரைவுக்கும் விலக்கு இல்லை. ஜப்பான் 2018 டிசம்பரில் சில மலைச்சாலைத் துண்டுகளுக்கு இதே மாதிரி விதி கொண்டுவந்தது. கடும் பனியில் குளிர்கால டயர் இருந்தாலும் அங்கே சங்கிலி கட்டாயம்.

சங்கிலிதான் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கக்கூடிய ஒரே மலிவான பொருள். நான்கு சக்கரத்துக்கும் மாட்டுவது உத்தமம். ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் வண்டியின் கையேடு சொல்லும் அச்சில் மாட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முன்னால் மட்டும் மாட்டினால் இறக்கத்தில் பின்பக்கம் சுற்றி வரும். பின்னால் மட்டும் மாட்டினால் முன்சக்கரம் ஸ்டீயரிங்கைக் கேட்காமல் நேராக வழுக்கும். சங்கிலியோடு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. காய்ந்த தார் வந்ததும் கழற்ற வேண்டும், சுரங்கத்தின் 9 கிலோமீட்டரும் அதில் சேர்த்தி. வாசலுக்கு வாசல் மாட்டிக் கழற்றும் இந்தச் சிரமத்தால்தான் பலர் மாட்டுவதே இல்லை.

நின்ற பிறகும்

நெரிசலில் சரிவில் நின்றுவிட்டால் ஹேண்ட்பிரேக்கை நம்ப முடியாது. பெரும்பாலான வண்டிகளில் அது பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும், எடையில் பாதிதான் பிடிப்புக்கு உதவும். கியரில் விட்டு, சக்கரத்தின் கீழ் கல் வைத்து, ஸ்டீயரிங்கை மலைச்சுவர் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். நான்கு சக்கரமும் பூட்டியிருந்தாலும் மேலே நீர்ப்படலம் உருவானால் நின்ற வண்டி தானாக நகரும். வீடியோக்களில் எனக்கு வயிற்றைக் கலக்கியது வண்டிகள் வழுக்கியதல்ல, வழுக்கும் வண்டியைக் கையால் பிடித்து நிறுத்தக் கீழ்ப்பக்கம் ஓடிவந்து நின்றவர்கள்தான். இரண்டு டன் எடையை யாரும் பிடித்து நிறுத்த முடியாது, தாங்கள் நிற்பதும் அதே கண்ணாடி மேல்தான். தள்ளுவதானால் மேல்பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோதான்.

இரவு முழுக்க மாட்டிக்கொண்டால் ஆபத்து வேறு மாதிரி வரும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் பனியில் புதைந்த கார்களுக்குள்ளேயே 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அவ்வப்போது வெட்டி எடுப்பது, எஞ்சினை விட்டு விட்டு ஓடவிடுவது, ஒரு கண்ணாடியை விரலளவு திறந்து வைப்பது, இவை ஃபோர் பை ஃபோருக்கும் பொருந்தும்.

சாவடியில் என்ன கேட்கலாம்

மணாலியின் உள்ளூர் டாக்சிக்காரர்கள் வருஷாவருஷம் இதே சாலையில் ஓட்டுகிறார்கள். அவர்கள் வண்டியும் ஃபோர் பை ஃபோர்தான், ஆனால் பிழைப்பு அதை மட்டும் நம்பி நடப்பதில்லை. சங்கிலி டிக்கியில் கிடக்கும், எந்த வளைவில் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்பது மனப்பாடம், முன்வண்டி வளைவைத் தாண்டும் வரை மேலேயே காத்திருப்பார்கள். வெளியூர் ஓட்டுநரின் வண்டி அவர்களுடையதைவிட விலை அதிகமாகவே இருக்கலாம். இதில் எதுவும் அவரிடம் இருக்காது.

ஃபோர் பை ஃபோர் மட்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏற்றத்தில் அடைப்பைக் குறைக்க அது தேவை. அதோடு டயரின் பக்கவாட்டையும் டிக்கியில் சங்கிலியையும் பார்க்க ஒரு வண்டிக்கு ஒரு நிமிஷம் ஆகும். அதைவிட முக்கியம் நேரம். மேலே போக அனுமதிக்கும் கடைசி நேரத்தை, வெயில் இருக்கும்போதே திரும்பி இறங்கும்படி கணக்கிட்டு வைக்க வேண்டும். எத்தனை வண்டிகளை மேலே விடுவது என்பதையும் மாலை இறக்கத்தில் சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்பதிலிருந்து முடிவு செய்ய வேண்டும். பனி விழத் தொடங்கிவிட்டால் ஏறுவதை நிறுத்திவிட்டு, இறங்கும் வண்டிகளை இடைவெளி விட்டு, தொகுதி தொகுதியாக, முன்னால் மண் தூவும் வண்டியோடு இறக்குவதுதான் வழி. சுரங்கத்தின் தெற்கு வாசலிலேயே ஒரு சாவடி வைத்து அங்கிருந்து வண்டிகளை அளந்து விட்டால், சாலையில் ஆயிரம் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று பனியை மெழுகும் நிலை வராது.